பாதி இப்போது, பாதி பிறகு: றாம் வாங்கிய அனுபவம்

போன கிழமை கல்முனையில் இருக்கும் மச்சான் வொட்ஸ்அப்பில் கேட்டான்: "மச்சான், றாம் விலை கண்டபடி ஏறிட்டு. இப்ப 16 ஜிபி போட்டுட்டு, காசு வரக்குள்ள இன்னொரு 16 போட்டா சரிதானே?"

றாம் என்பது கம்பியூட்டர் வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகத் துண்டு. ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. இதே வேலையைத்தான் நானும் செய்தேன்.

கல்லடியில் வீட்டு முன்னறையில் இருந்து கல்யாண அல்பம் செய்பவன் நான். 2020இல் நானே பூட்டிய கம்பியூட்டர்: புரொசெசர் றைசன் 5 3600, பி450 மதர்போட், 8 ஜிபி றாம் இரண்டு துண்டு உள்ள ஒரு பெட்டி, வகை டிடிஆர்4, வேகம் 3200. புரொசெசரில் இருந்து எண்ணி இரண்டாவது, நாலாவது ஸ்லொட்டில் அழுத்தி, கம்பியூட்டர் எழும்பும்போது முதலில் ஓடும் பயோஸில் எக்ஸ்எம்பியைப் போட்டேன், றாமைப் பெட்டியில் சொன்ன வேகத்தில் ஓடவைப்பது அதுதான். முதல் தரமே 3200இல் எழும்பியது. மார்கழி மழையில் வீடே ஈரமாகும், வாவிக்காற்றில் ஆணி துருப்பிடிக்கும், 2022இல் கரண்ட் போய்ப் போய் வந்தது. அந்த இரண்டு துண்டும் ஒரு நாள்கூட மக்கர் பண்ணியதில்லை. இதை மனதாரச் சொல்கிறேன்.

2023இல் வேலை கூடியது. 16 போதவில்லை. 8 ஜிபி இரண்டு உள்ள இன்னொரு பெட்டி வாங்கப் போனேன், அதே நிறுவனம், அதே மொடல் இலக்கம், அதே கறுப்புத் தகடு. விற்றவர் "பேர் ஒண்டுதானே தம்பி, போடுங்க" என்றார். நானும் நம்பினேன்.

அன்று தொடங்கியது. காலையில் சுவிட்சைப் போட்டால் விசிறி சுற்றும், திரை கறுப்பு. தானாக அணையும், திரும்ப எழும்பும், மூன்றாம் தரம் 2133இல் வந்து நிற்கும். வெயில் ஏறிய பிறகு போட்டால் ஒழுங்காக வரும். இதோடு இரண்டு மாதம் மல்லுக்கட்டினேன். துண்டைக் கழற்றி அழிறப்பரால் தங்கக் காலைத் துடைத்தேன், பயோஸ் பற்றரியைக் கழற்றிப் போட்டேன், பயோஸையே புதுப்பித்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஒரு கல்யாணத்துப் படங்களை ஹார்ட்டிஸ்கில் ஏற்றியபோது, தாலி கட்டும் படம் ஒன்றின் கீழ்ப்பாதி முழுக்க ஊதாக் கோடு. நெஞ்சு பதறிவிட்டது. கமராக் காட்டை இன்னும் அழிக்காததால் தப்பினேன்.

அன்றிரவு றாமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை ஓடவிட்டேன். நாலு துண்டும் இருந்தபோது பிழை காட்டும் சிவப்பு வரிகள். பழைய சோடியை மட்டும் போட்டால் சுத்தம். புதுச் சோடியை மட்டும் போட்டாலும் சுத்தம். சேர்ந்தால்தான் பிழை. கழற்றி மேசையில் வைத்து, போன் ரோச்சை அடித்துத் தகட்டின் கீழ் இடுக்கால் பார்த்தேன். பழையதில் எட்டு சிப். புதியதில் நாலே நாலு. ஸ்டிக்கரின் மூலையில் பொடி எழுத்தில் இருந்த பதிப்பு எண்ணும் வேறு. கம்பியூட்டரின் உள்விபரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில், றாமின் விபரம் உள்ள எஸ்பிடி பக்கத்தைத் திறந்தால் சிப் செய்த கொம்பனியும் வேறு. பெட்டியில் ஒரு சொல் இல்லை! உள்ளே இருப்பதை மாற்றிவிட்டு மொடல் இலக்கத்தை அப்படியே விடுவது, வாங்குபவனுக்குச் செய்யும் அநியாயம்.

நியாயமாகப் பேசினால், முழுப் பிழையும் றாமின் தலையில் இல்லை. இந்தத் தலைமுறை றைசனுக்கு அதைச் செய்யும் ஏஎம்டி கொம்பனி 3200 சொல்வது இரண்டு துண்டுக்குத்தான். ஒற்றை றாங், அதாவது ஒரே தொகுதியாக வேலை செய்யும் சிப்கள் உள்ள துண்டு, நாலு போட்டால் 2933, இரட்டை றாங் என்றால் 2667. புரொசெசருக்கும் றாமுக்கும் இடையில் தகவல் போகும் ஒரு வழியில் இரண்டு துண்டு தொங்கும்போது புரொசெசருக்குள் இருக்கும் மெமரி கொன்ட்ரோலருக்குச் சுமை கூடுகிறது. நான் அதைப் பார்க்காமல் 3200ஐயே பிடித்துக்கொண்டு நின்றேன். எக்ஸ்எம்பியை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் கையால் 2933க்கு இறக்கினேன், வோல்டேஜ் அதே 1.35. மெம்டெஸ்ட் நாலு சுற்றும் சுத்தம். அதற்குப் பிறகு இன்றுவரை காலையில் முதல் தரமே எழும்புகிறது. அல்பம் வேலையில் வேகம் குறைந்ததாகவும் தெரியவில்லை.

ஆகவே மச்சான், காசு சேரும்வரை பொறு. 32 வேண்டுமென்றால் 16 இரண்டு உள்ள ஒரே பெட்டியாக வாங்கு. அது சேர்த்துச் சோதித்து வருவது. முதலில் உன் மதர்போட் எதை எடுக்கும் என்று பார். ஏஎம்டி புரொசெசர் பூட்டும் சொக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு இரண்டு வகைப் போட்டும் இருக்கிறது. இரண்டு றாமுக்கும் கால் 288தான், ஆனால் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். இறங்காவிட்டால் பலம் கொடுக்காதே. மதர்போட் கொம்பனியின் தளத்தில் சோதித்த றாம்களின் பட்டியல் கிடக்கும், பெட்டியில் உள்ள முழு இலக்கத்தையும் அதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடு. பொறுக்கவே முடியாது என்றால் 16 ஜிபி ஒற்றைத் துண்டை வாங்கு. பிறகு இன்னொன்று சேர்த்தாலும் மொத்தம் இரண்டுதான், நாலைவிடத் தொல்லை குறைவு. ஆனால் அதுவரை ஒற்றை வழியில்தான் ஓடும், தனி கிராபிக்ஸ் காட் இல்லாவிட்டால் அந்தக் குறை நன்றாகத் தெரியும்.

என் நாலு துண்டும் இதை எழுதும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அதே பெயரில் இன்னொரு பெட்டி வாங்குவாயா என்று கேட்டால், மாட்டேன். அந்த ஊதாக் கோடு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.