“எல்லா கிரெடிட்டும் எடுத்துக்குவாங்க தம்பி”: நம்பியதால் ஒரு வருடம் போனது

கல்லூரியில் உளவியல் டிப்ளமோ முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் தடயவியல் உளவியல் (குற்றம், சாட்சி, நீதிமன்றம் சார்ந்த உளவியல்) பட்டப்படிப்புக்கு மாற நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சேர்க்கைக்கு உதவுகிற ஆலோசகர் ஒருவரிடம் போனேன். என் மதிப்பெண் பட்டியலை ஒரு புரட்டு புரட்டினார். “எல்லா கிரெடிட்டும் எடுத்துக்குவாங்க தம்பி, நேரா மூணாவது வருஷம்” என்றார். கிரெடிட் என்றால் முடித்த பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி. எழுதித் தருவீர்களா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இடமும் கிடைத்தது, சேர்ந்துவிட்டேன். பாடங்களைப் பதிவு செய்ய உட்கார்ந்தால் மூன்றாம் ஆண்டுப் பாடம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எதைத் தொட்டாலும் ‘முன்தேவைப் பாடம் முடிக்கப்படவில்லை’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி.

கிரெடிட் மதிப்பீட்டுத் தாளை அப்போதுதான் வரி வரியாகப் பார்த்தேன். கிரெடிட் எல்லாம் வந்திருந்தது உண்மைதான். ஆனால் பாதிக்கு மேல் ‘பொது விருப்பப் பாடம்’ என்ற தலைப்பில் கிடந்தன. எண்ணிக்கையில் சேரும், கட்டாயப் பாடத்துக்கு ஈடாகாது. என் புள்ளியியலும் அங்கேதான் கிடந்தது. புள்ளியியல் முடிக்காமல் ஆய்வு முறைகள் எடுக்க முடியாது, ஆய்வு முறைகள் முடிக்காமல் மேல்நிலைப் பாடங்கள் கிடையாது, அவை இல்லாமல் ஆய்வேடும் கிடையாது. அந்த ஒரு பாடத்தால் ஒரு வருடமே போய்விட்டது.

பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காரணம் வகுப்பில் புரிந்தது. உளவியல் ஆய்வாளர்கள் லாஃப்டஸும் பாமரும் 1974-இல் வெளியிட்ட சோதனையைக் கல்லூரியில் கதையாகப் படித்திருந்தேன். கார் விபத்துக் காட்சிகளைப் பார்த்தவர்களிடம், கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று கேட்டால் சராசரியாக மணிக்கு 40.5 மைல் என்றார்கள். அதையே ‘தொட்டபோது’ என்று கேட்டால் 31.8. கேட்கிற சொல்லே சாட்சியின் பதிலை மாற்றிவிடுகிறது. இங்கே கேட்டதோ வேறு: மொத்தம் 45 மாணவர்கள், ஐந்து குழுக்கள், குழுவுக்கு ஒன்பது பேர், இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த ஆலோசகர் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: பட்டம் கைக்கு வந்ததும் நான் தடயவியல் உளவியலாளராம். அதுவும் பொய். பிரிட்டனில் அந்தப் பெயர் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது. ஹெச்சிபிசி என்ற ஒழுங்காற்று அமைப்பில் பதிவு செய்யாமல் யாரும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் பொதுவாக முனைவர் பட்டமும் உரிமமும் வேண்டும். இளநிலைப் பட்டத்துக்கு அப்புறம் இன்னும் பல வருடப் படிப்பும் பயிற்சியும் இருக்கின்றன. நீங்கள் சேரப்போகும் பட்டத்துக்கு உங்கள் நாட்டு உளவியல் அமைப்பின் அங்கீகாரம் தேவையா, இருக்கிறதா என்று அந்த அமைப்பிடமே கேட்டுவிடுங்கள்.

கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன் ஒவ்வொரு பாடத்தின் விரிவான சிலபஸையும் வாங்கி வையுங்கள். மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். வாராவாரம் என்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்பதை வைத்துத்தான் ஈடு பார்க்கிறார்கள். அப்புறம், எத்தனை கிரெடிட் எடுப்பார்கள் என்ற கேள்வியோடு நிற்காதீர்கள், நான் மாட்டியது அதில்தான். ‘என்னுடைய இந்தப் பாடம் உங்களுடைய எந்தப் பாடத்துக்கு ஈடு?’ என்று சேர்க்கை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்குங்கள். நடுவில் எந்த ஆளும் வேண்டாம்.

நான் பழைய கல்லூரிக்கு எழுதி சிலபஸ்களை வாங்கி மேல்முறையீடு செய்தேன். வளர்ச்சி உளவியல் மட்டும் மீண்டது. புள்ளியியலை முதலிலிருந்து படிக்கிறேன். ஆலோசகரிடம் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “இடம் வாங்கிக் கொடுத்தேன் இல்ல தம்பி?” என்றார். அதற்கப்புறம் அவர் போனை எடுப்பதே இல்லை.