மர நிழலுக்கு எந்தச் சூரியகாந்தி? ரொறன்ரோ வளவுகளுக்கான ஒப்பீடு

பின்வளவில் பெரிய மேப்பிளோ ஓக்கோ நிற்கும் வீட்டுக்காரருக்கு இந்தத் தலையிடி தெரியும். மரத்தடியில் புல் பிடிக்காது. வெயிலும் மூன்று நான்கு மணித்தியாலம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஊரில் கண்ட ஒற்றைத் தண்டுச் சூரியகாந்தியை அங்கே நட்டால் வெளிச்சத்தைத் தேடி வளைந்து விழும். அது வெட்டவெளிக்குரிய ஓராண்டுச் செடி. அது சேர்ந்த ஹீலியாந்தஸ் என்ற அதே பேரினத்திலேயே, வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளின் ஓரத்தில் வளர்ந்து பழகிய பல்லாண்டுச் சூரியகாந்திகளும் உண்டு. குளிர்காலத்தில் தண்டு காய்ந்துபோனாலும், மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும் வேர் வசந்தத்தில் திரும்பத் துளிர்க்கும்.

பூவைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். எல்லாம் மஞ்சள், எல்லாம் ஏறக்குறைய ஒரே முகம். நிலத்தடித் தண்டு எவ்வளவு தூரம் ஓடும், உங்கள் மண் ஈரத்தைப் பிடித்து வைக்குமா என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வறண்ட நிழலுக்கு என் தெரிவு ஹீலியாந்தஸ் டிவாரிகேட்டஸ். ஒன்ராறியோவுக்கே உரிய செடி. ரொறன்ரோ ஹை பார்க்கில் கருப்பு ஓக் மரங்களுக்கிடையே, மணற்பாங்கான தரையில் இது வளர்கிறது. வாங்குமுன் அங்கே போய் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். எந்த மண்ணில், எந்த வெளிச்சத்தில் நிற்கிறது என்று கண்ணால் கண்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இரண்டு முதல் ஆறு அடி உயரம். யூலை முதல் செப்ரெம்பர் வரை பூ. இலைகள் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோலத் தண்டோடு ஒட்டி, சோடி சோடியாக எதிரெதிரே இருக்கும். வேரூன்றிய பிறகு கடும் வறட்சி தவிர்ந்த காலத்தில் தண்ணீர் கேட்காது. நிலத்தடித் தண்டால் பரவிக் கூட்டமாகிவிடும் என்பதுதான் குறை. மரவேர்களோடு போட்டி போடும் வறண்ட மண்ணில் அந்த ஓட்டம் மட்டுப்படும். பசளை போட்ட பூப்பாத்தியில் வைத்தால் பக்கத்துச் செடிகளை நெருக்கித் தள்ளும்.

ஹீலியாந்தஸ் ஸ்ட்ரூமோசஸ் இதற்கு மிக நெருங்கிய உறவு. இலைக்குக் காம்பு உண்டு, அடிப்புறம் வெளிறியிருக்கும், ஏழு அடி வரை வளரும். வேகமாகப் பரவுவதால் நகரத்துச் சிறிய வளவுக்கு நான் சொல்லமாட்டேன். ஒரு பக்கம் பாதையும் மறுபக்கம் சுவரும் உள்ள நீண்ட சரிவு இருந்தால் மண்ணைப் பிடித்து வைக்க நல்லது. இந்த இனங்கள் தமக்குள் கலக்கக்கூடியவை என்பதால் பெயர்ச்சீட்டை மட்டும் நம்பாமல் இலைக்காம்பைப் பார்த்து வாங்குங்கள்.

ஹீலியாந்தஸ் டெகாபெட்டலஸ் ஈரக்காட்டுச் செடி, ஓடைக்கரைச் செடி. மெல்லிய இலை, மண் காய்ந்தால் உடனே வாடும், சாம்பல் நோயும் பிடிக்கும். கூரைப்பீலியின் தண்ணீர் வந்து விழும் மூலை நிழலாக இருந்தால் அந்த இடம் இதற்கென்றே அமைந்தது. இதுவும் ஓடும்.

ஹீலியாந்தஸ் மைக்ரோசெபாலஸ் அமெரிக்காவின் தென்கிழக்குப் பக்கத்துச் செடி, ஆனாலும் எங்கள் குளிரைத் தாங்கும். பூ ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான். ஆனால் செடி நிறையப் பூக்கும். மற்றவற்றைவிட அடக்கமாகக் குத்தாக நிற்கும். உள்ளூர்ச் செடிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்குச் சின்னப் பாத்திக்கு இது சரி.

உள்ளூர்ச் செடியும் வேண்டும், ஓடவும் கூடாது என்றால் ஹீலியோப்சிஸ் இருக்கிறது. உண்மையில் இது சூரியகாந்தியல்ல, அதன் ஒன்றுவிட்ட உறவு. யூன் கடைசியிலேயே பூக்கத் தொடங்கிவிடும். வெயில் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். சில ஆண்டுகளில் தாய்ச்செடி போனாலும் விழுந்த விதையில் குஞ்சுகள் வரும். தண்டில் சிவப்பு அசுவினி மொய்த்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் போதும். டவுன்ஹவுஸில் இருப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

இடம் இருப்பவர்கள் அசல் சூரியகாந்தியையே வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் பூச்சிகள். ஆண்ட்ரீனா ஹீலியாந்தி என்ற தனித்தேனீ தன் குஞ்சுகளுக்கு ஹீலியாந்தஸ் மகரந்தத்தையே நம்பியிருக்கிறது. குளோசைன் நிக்டெய்ஸ் என்ற செம்மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் டிவாரிகேட்டஸ் இலையைத் தின்று வளரும். இலையில் ஓட்டை கண்டவுடன் மருந்துப் போத்தலைத் தூக்கவேண்டாம்.

பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பசளை வேண்டாம், போட்டால் தண்டு நீண்டு சரியும். யூன் தொடக்கத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டால் குட்டையாக, கிளைத்துப் பூக்கும். பூ சற்றுப் பிந்தும். இளந்தளிருக்கு முயல் வரும், கம்பிவலை போடுங்கள். ஓடும் இனங்களை ஒவ்வொரு வசந்தத்திலும் ஓரம் வெட்டி, கிளம்பிய துண்டுகளைத் தோண்டி எடுக்கவேண்டும். அந்தத் துண்டுகளையே நண்பர்களுக்கும் கொடுக்கலாம், ஆனால் ஓடும் என்று சொல்லிக் கொடுங்கள். இலையுதிர்காலத்தில் தண்டை வெட்டாமல் விட்டால் கோல்ட்ஃபிஞ்ச் குருவி விதை தின்ன வரும்.

விதையிலிருந்து வளர்க்க விரும்பினால் ஒக்ரோபர் கடைசியில் வெளியே மண்மேல் தூவி, மெல்லிதாக மூடிவிடுங்கள். முளைப்பதற்குத் தேவையான ஈரக்குளிரை ஸ்னோ கொடுத்துவிடும்.