கடைசி பாய்ரோ: யானையா, திரையா?

ஈரோடு புத்தகத் திருவிழாவிலோ கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையிலோ அகதா கிறிஸ்டி அடுக்கைக் கிளறுகிறவர்கள் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோ வரும் பிற்கால நாவல்களில் ஒன்றுதான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பது? 1972-ல் வந்த 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' ஒரு கையில், 1975-ல் வந்த 'கர்ட்டன்' இன்னொரு கையில். சுருக்கமாக யானை, திரை.

இரண்டு கட்சிக்கும் நடக்கிற சண்டையில் பாதி, அச்சான வரிசையை எழுதிய வரிசை என்று நம்புவதால் வருவது. திரை இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் எழுதப்பட்டது. எழுதிப் பூட்டி வைத்து, முப்பது வருஷம் கழித்து வெளியே எடுத்தார்கள். கிறிஸ்டி கடைசியாக எழுதிய பாய்ரோ நாவல் யானைதான். அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. "திரை மாதிரி எழுதினவங்க யானையில ஏனுங்க இப்படிச் சறுக்கினாங்க?" என்று கேட்பவர்கள் ஐம்பது வயதுக்காரரின் புத்தகத்தை எண்பது வயதுக்காரரின் புத்தகத்தோடு தராசில் வைக்கிறார்கள்.

யானையின் தொடக்கத்தில் யாரும் குறை சொல்வதில்லை. ஒரு விருந்தில் பாய்ரோவின் தோழியான எழுத்தாளர் அரியாட்னி ஆலிவரை ஒரு பெண்மணி மடக்குகிறார். ஆலிவரின் ஞானமகள் சீலியாவைத் தன் பையன் கட்டப்போகிறான். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பல வருஷம் முன்பு மலைமுகட்டில் சுடப்பட்டுக் கிடந்தவர்கள். அம்மா அப்பாவைச் சுட்டாளா, அப்பா அம்மாவைச் சுட்டாரா? பெண் எடுக்கும் முன் அது தெரிய வேண்டும். கொங்குநாட்டில் பெண் பார்க்கப் போகிறவர்கள் குலம் கோத்திரம் விசாரிப்பதைக் கண்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் கூர்மையை விளக்கத் தேவையில்லை.

அதற்குப் பிறகுதான் கோளாறு. முதலாவது, தேதி. சாவு நடந்து எத்தனை வருஷம் என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒரு தாளில் குறித்துக்கொண்டே படியுங்கள், கணக்கு ஒட்டாது. இதற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள்: ஆலிவர் தேடிப்போகும் "யானைகள்", அதாவது பழசை மறக்காத சாட்சிகள், எல்லாம் வயசானவர்கள், அவர்கள் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று. நியாயம்தான். நம் அமுச்சிகளுக்கும் வருஷத்துக்கு எண் கிடையாது. பவானிசாகர் அணை கட்டினப்போ, மூத்தவனுக்குக் காது குத்தினப்போ, அவ்வளவுதான். ஆனால் யானையில் பிசகுவது சாட்சிகளின் வாய் மட்டும் இல்லை, கதையின் சட்டமே ஆடுகிறது. தொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-ல் கிறிஸ்டியின் நாவல்களை ஒப்பிட்டபோது, இதில் சொல்வளம் சுருங்கி, 'அது', 'ஏதோ ஒன்று' போன்ற மொட்டைச் சொற்கள் பெருகியிருப்பதைக் காட்டினார்கள். மறதிநோயின் தொடக்கமாக இருக்கலாம் என்பது அவர்களுடைய ஊகம்.

இரண்டாவது, கூறியது கூறல். ஒரு கிழவி சொல்வதை ஆலிவர் கேட்கிறார். பிறகு அதையே பாய்ரோவிடம் ஒப்பிக்கிறார். மூன்றாவது கோளாறு நாலு டோப்பா. இறந்துபோன அம்மாவிடம் நாலு டோப்பா இருந்தன என்பது சீக்கிரமே வந்துவிடுகிறது, திரும்பத் திரும்பவும் வருகிறது. அந்தக் குடும்பத்தைப் பற்றிய இன்னொரு விவரம் வந்து சேர்ந்ததும், பழகிய வாசகருக்குப் பாதிப் புத்தகத்திலேயே முடிச்சு அவிழ்ந்துவிடும்.

ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா மாத நாவல்களை கோவை–ஈரோடு ரயிலிலேயே முடித்துப் பழகியவர்களுக்கு யானை நிச்சயம் இழுவை. பழைய சாவை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதில் ருசி காண்பவர்கள் மட்டும் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த ருசிக்கு இதைவிட நல்ல புத்தகம் இருக்கிறது: 1942-ல் வந்த 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்'. அதிலும் கல்யாணம் ஆகப்போகிற பெண், பெற்றோரைப் பற்றிய சந்தேகம், 16 வருஷப் பழைய சாவு. ஓவியரான அப்பாவுக்கு விஷம் வைத்ததாக அம்மாவுக்குத் தண்டனை ஆகி, சிறையிலேயே இறந்துவிட்டாள். பாய்ரோ ஐந்து பேரைச் சந்தித்துவிட்டு, ஒவ்வொருவரையும் நடந்ததை எழுதித் தரச் சொல்கிறார். ஒரே சம்பவம் ஐந்து கையெழுத்தில் வருகிறது. எவர் எதை விட்டுவிட்டார் என்பதில்தான் விடை. யானைக்கு இது முன்னோடி மட்டுமல்ல, போட்டியும்கூட. அந்தப் போட்டியில் யானை தோற்கிறது. 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' நாவலின் அமெரிக்கப் பதிப்புக்குப் பெயர் 'மர்டர் இன் ரெட்ராஸ்பெக்ட்'; இரண்டும் வேறு என்று நினைத்து ஒரே நாவலை இரண்டு தடவை வாங்கிவிட வேண்டாம்.

திரையின் விஷயம் வேறு. பாய்ரோ முடக்குவாதத்தில் சக்கர நாற்காலியில். இடம், 1920-ல் வந்த முதல் நாவலான 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்'-ல் வரும் அதே ஸ்டைல்ஸ் மாளிகை. ஐந்து பழைய கொலைகள், ஐந்திலும் குற்றவாளி யாரென்று ஊருக்குத் தெரியும். ஆனாலும் ஐந்தின் ஓரத்திலும் எக்ஸ் என்ற ஒரே ஆள். அந்த ஆள் இப்போது இந்த மாளிகையில்தான் இருக்கிறார். முடிச்சின் வேலைப்பாட்டில் யானை பக்கத்தில் வரமுடியாது. இருட்டாக இருக்கிறது, முடிவு பாய்ரோவின் குணத்துக்கு ஒட்டவில்லை என்பது எதிர்க்கட்சி வாதம். ஒட்டாததுதான் அந்தப் புத்தகத்தின் பலம் என்பேன்.

பலருக்குத் திரை பிடிக்காமல் போவதற்குக் காரணம் படித்த வரிசை. முந்தைய வருஷங்களில் வந்த நாவல்களில் நீளமுடி இளைஞர்களும் போதை மாத்திரையும் வந்துவிட்டன. அதிலிருந்து நேரே திரைக்குள் போனால் காலம் பின்னால் ஓடுகிறது. கதை சொல்லும் பாய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸும் 1937-க்குப் பிறகு எந்த நாவலிலும் தலைகாட்டாதவர். அவரைத் தெரியாதவருக்கு அவர் துக்கம் எப்படி ஒட்டும்? முதலில் ஸ்டைல்ஸ், அடுத்து 1936-ன் 'ஏபிசி மர்டர்ஸ்', பிறகு திரை. இடையில் வேறு பாய்ரோ எதுவும் வேண்டாம்.

1969-ன் 'ஹாலோவீன் பார்ட்டி'யையும் சிலர் இந்த வரிசையில் நிறுத்துவார்கள். ஆப்பிள் மிதக்கும் தொட்டியில் சிறுமி மூழ்கடிக்கப்படும் காட்சி கலங்கடிக்கும், மற்றபடி நடுத்தரம். இதைத் தழுவி 2023-ல் வந்த 'எ ஹாண்டிங் இன் வெனிஸ்' படத்தைப் பார்த்துவிட்டு வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். நாவல் நடப்பது இங்கிலாந்துக் கிராமத்தில்.

திரையில் பாய்ரோ இறப்பது ரகசியமே இல்லை. நியூயார்க் டைம்ஸ் 1975 ஆகஸ்ட் 6 அன்று முதல் பக்கத்தில் இரங்கல் செய்தியே போட்டுவிட்டது. காப்பாற்ற வேண்டிய ரகசியம் எக்ஸ் யார், எப்படி என்பது. அது முழுதாக வருவது கடைசியில் இருக்கும் பின்குறிப்பில்தான். உக்கடத்தில் திரையின் பழைய பிரதியை எடுத்தால் அட்டையைப் பார்க்கும் முன் கடைசிப் பக்கங்கள் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள்; படித்துவிடாமல்.