43,500 ரூபாய் போச்சு: வீட்டு மானியம் வாங்கித் தருகிறேன் என்பவர்களிடம் ஜாக்கிரதை

நேற்று மதியம் நகராட்சி அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் பார்த்த அம்மா முதல் வரியைத் தாண்டவே இல்லை.

"இது எங்க வாங்கினீங்க? ஆவாஸ் யோஜனா கிராமின்னு போட்டிருக்கு. அது கிராமப் பஞ்சாயத்துக்கு உண்டான திட்டம்மா. உங்க வார்டு நகராட்சியில வருது. உங்களுக்கு எப்படி இது வரும்?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாலு மாதமாகத் தலையணைக்கு அடியில் வைத்துப் பாதுகாத்த கடிதம். 43,500 ரூபாய் கொடுத்து வாங்கிய கடிதம். வீட்டுக்கு வந்து அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தையல் மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. விடியற்காலை எழுந்து இதை எழுதுகிறேன். வேறு யாரும் இப்படி மாட்டக்கூடாது என்பதற்காக, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுடையது தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி. ஓட்டு வீடு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த ராத்திரி பின்பக்கத் தென்னை அப்படியே கூரை மேல் சாய்ந்தது. அன்றிலிருந்து பாதி ஓடு, பாதி தகரம். வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுகிறார், நான் ரவிக்கை தைக்கிறேன். ஒரு ரவிக்கைக்கு 150 ரூபாய். 43,500 என்றால் 290 ரவிக்கை. நேற்று ராத்திரி அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடை எங்கே இருக்கிறது, பெயர் என்ன என்று எழுத மாட்டேன். போலீஸில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். ஆனால் எந்த மாதிரி கடை என்று சொன்னால் உங்கள் ஊரிலும் ஒன்று இருக்கும். ஜெராக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ரயில் டிக்கெட், கரண்ட் பில், பான் கார்டு எல்லாம் ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் சென்டர். அரசாங்க இ-சேவை மையம் கிடையாது, ஆனால் போர்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். வாசலில் பெரிய ஃபிளெக்ஸ்: "சொந்த வீடு கட்ட அரசு மானியம் 2.67 லட்சம்". கீழே மூவர்ணக் கோடு.

வழியில் போகிறவன் சொன்னதை நம்பினோம் என்று நினைக்காதீர்கள். அத்தைக்கு முதியோர் பென்ஷன் 1,200 ரூபாய் வருகிறது. இரண்டு வருஷமாக அந்தக் கடையில்தான் ரேகை வைத்து எடுப்போம். நாற்று நட்டு நட்டு அத்தைக்கு விரல் ரேகையே தேய்ந்து போச்சு, மெஷின் லேசில் எடுக்காது. அந்தத் தம்பி ஈரத்துணியால் கட்டைவிரலைத் துடைத்து, பிடித்து வைத்து, நாலு தடவையானாலும் சலிக்காமல் எடுத்துக் கொடுப்பான். ஒரு மாதம்கூட ஒரு ரூபாய் குறைத்ததில்லை. வெயிலில் நிற்க விடாமல் நாற்காலி போடுவான். "பெத்த புள்ள மாதிரி பாக்குதே" என்று அத்தை தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. அந்த நாற்காலியை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

வைகாசியில் ஒருநாள் பென்ஷன் எடுக்கப் போனபோது அவனாகத்தான் ஆரம்பித்தான். "ஏன்க்கா, ஆத்தாவை இன்னும் எத்தனை மழைக்கு அந்தத் தகரத்துக்கு அடியில படுக்க வைப்பீங்க? திட்டம் வந்திருக்கு, போட்டு விடறேன்." பட்டா இன்னும் இறந்துபோன மாமனார் பெயரில்தான் இருக்கிறது என்று நான் சொன்னேன். சத்தியமாகச் சொன்னேன். "அதெல்லாம் பரவால்லக்கா, உள்ளே நமக்கு ஆள் இருக்கு" என்றான். அந்த இடத்திலேயே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

முதலில் 3,500 ரூபாய். அப்ளிகேஷன் ஃபீஸ், ஆன்லைன் சார்ஜ் என்றான். ஆதார், பேங்க் பாஸ்புக், வருமானச் சான்று எல்லாம் வாங்கி ஏற்றினான். ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற என் பெண் அந்த நம்பரைப் போனில் போட்டுப் பார்த்தாள். அரசாங்க வெப்சைட்டிலேயே அத்தையின் பெயர் வந்தது! "அம்மா, நிஜமாவே இருக்கும்மா" என்று கத்தினாள். நான் கவிழ்ந்தது அந்த நிமிஷத்தில்தான். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்: அந்த நம்பர் போலி கிடையாது. அவன் உண்மையிலேயே விண்ணப்பம் போட்டிருக்கிறான். விண்ணப்பம் யார் வேண்டுமானாலும் போடலாம், போட்டால் நம்பர் வரும். நம்பர் வந்தால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று மட்டும்தான் அர்த்தம், வீடு கிடைத்தது என்று அர்த்தமில்லை. அந்த உண்மையான நம்பரைக் காட்டித்தான் மிச்சப் பொய் எல்லாவற்றையும் விற்றான்.

ஒரு மாதம் கழித்து 15,000. வரைபடம், எஸ்டிமேட், இன்ஜினியர் கையெழுத்து என்றான். ஜிபேயில் போடச் சொன்னான். போட்டபோது வேறு ஒரு பொம்பளை பெயர் வந்தது. கேட்டதற்கு, "நம்ம அக்கவுண்டன்ட்தான்க்கா" என்றான். அதையும் நம்பினேன். மகளிர் குழுவில் வாங்கிய பணம் அது.

ஆடியில் இந்தக் கடிதம் வந்தது. சீல், கையெழுத்து, சிங்கத் தலை எல்லாம் இருந்தது. 2.67 லட்சம் அனுமதி ஆகிவிட்டது, முதல் தவணை ரிலீஸ் ஆக பத்து பர்சன்ட் டெபாசிட் கட்ட வேண்டும் என்றான். 26,700 வரும், உங்களுக்காகப் பேசி 25,000-க்கு முடித்துவிட்டேன், பணம் ஏறும்போது டெபாசிட்டும் சேர்ந்து திரும்பி வந்துவிடும் என்றான். குறைத்துக் கொடுத்தானே என்று அவனுக்கு நன்றி வேறு சொன்னேன். என் தோடும் பெண்ணின் சின்னச் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. 25,000 ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்டேன். "அரசாங்க வேலைக்கு ரசீது கம்ப்யூட்டர்லதான்க்கா வரும்."

ஆக 3,500, 15,000, 25,000. மொத்தம் 43,500.

இதோடு விட்டிருந்தால்கூடப் பணம் போனதோடு போயிருக்கும். பழைய கூரையைப் பிரித்தால்தான் ஆள் வந்து போட்டோ எடுப்பார், படம் ஏறினால்தான் பணம் வரும் என்றான். ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பின்கட்டை முழுக்கப் பிரித்தோம். சட்டை இன் பண்ணிய ஒருத்தர் வந்து போனில் நாலு படம் எடுத்துக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அவர் யார் என்று இன்றைக்கு வரை தெரியாது.

அதற்கப்புறம் நான் அந்தக் கடைக்கு நடந்த நடை இருக்கிறதே! முதலில் சர்வர் டவுன். பிறகு மாதக் கடைசி, பட்ஜெட் வரவில்லை. பிறகு பெரிய சார் லீவு. பிறகு உங்கள் பாஸ்புக்கில் இனிஷியல் தப்பு, திருத்திக் கொண்டு வாங்க. அதற்கு பேங்கில் இரண்டு நாள் நின்றேன், இரண்டு நாள் தையல் போச்சு. திருத்திக் கொண்டு போனால், "அதெல்லாம் அப்பவே சரி பண்ணிட்டேனே" என்கிறான். புரட்டாசியில் அவன் கடையிலேயே இல்லை. ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். "அண்ணன் சென்னை போயிருக்கு." மறுநாளும் சென்னை. அடுத்த வாரமும் சென்னை. என் போனை எடுக்கவில்லை. பெண்ணின் போனிலிருந்து அடித்தால் எடுத்து, என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

போன வாரம் வீட்டுக்காரரோடு போனேன். அன்றைக்கு இருந்தான். நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் எதிரே சொல்கிறான்: "அந்த 15,000 நீங்க எனக்குத் தரவேண்டிய கைமாத்துதானே? திருப்பிக் குடுத்தீங்க. 25,000-ன்னு என்னமோ சொல்றீங்க, எழுத்துல இருக்கா?" வீட்டுக்காரர் கையை ஓங்கிவிட்டார், நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். வாசலில் அந்த ஃபிளெக்ஸ் அப்படியே தொங்குகிறது.

அதற்கப்புறம்தான் நேற்று நகராட்சிக்குப் போனேன். முதலிலேயே போயிருக்கலாம்தான். ஆபீஸ் என்றால் விரட்டுவார்கள் என்ற பயம், கடை என்றால் நாற்காலி போடுகிறான். நேற்று அந்த அம்மா என்னை விரட்டவில்லை, கால் மணி நேரம் உட்கார வைத்துச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அவமானமாக இருந்தது.

அந்த 2.67 லட்சம் என்பது பழைய கதையாம். வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு வட்டியில் கழித்துக் கொடுத்த மானியத்தின் உச்ச வரம்பு அது. கையில் கொடுக்கிற பணமே இல்லை, கடன் கணக்கில் கழியும். அதுவும் 2022 மார்ச்சோடு முடிந்துவிட்டது. முடிந்துபோன திட்டத்தின் தொகை, கிராமத் திட்டத்தின் பெயர், நகராட்சியில் இருக்கிற நாங்கள். மூன்றையும் ஒரே தாளில் அடித்துக் கொடுத்திருக்கிறான், படித்துப் பார்க்க எங்களுக்குத் தெரியாது என்ற தைரியம்.

நகரத்தில் சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்கிறவர்களுக்கு இப்போது இருப்பது ஆவாஸ் யோஜனா நகரத் திட்டத்தில் 2024-இல் வந்த இரண்டாம் கட்டம். மத்திய அரசு 1.50 லட்சம், மாநிலப் பங்கும் சேர்த்து 2.50 லட்சம். வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கேயும் குடும்பத்தில் யார் பெயரிலும் பக்கா வீடு இருக்கக்கூடாது, கடந்த 20 வருஷத்தில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கக்கூடாது. பணம் வேலை நடக்க நடக்கத்தான் தவணையாக வரும், நேராக பேங்க் கணக்குக்கு. பணம் தருவதற்கு முன்னால் டெபாசிட் கட்டு என்று எந்தத் திட்டத்திலும் கிடையாது. கிராமத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு. குடிசையை மாற்றிக் கட்ட மாநில அரசின் கலைஞர் கனவு இல்லத்தில் 3.50 லட்சம், 360 சதுர அடி. பழைய அரசுத் தொகுப்பு வீடுகளைப் பழுது பார்க்கவும் தனியாக ஒரு திட்டம் இருக்கிறதாம். அதெல்லாம் ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டியது.

கடைசியாக அவர் எங்கள் பட்டாவைப் பார்த்தார். "மாமனார் பேர்லயே இருக்கே. வாரிசு சர்டிபிகேட் வாங்கி, பட்டாவை முதல்ல உங்க அத்தை பேருக்கு மாத்துங்க. அது இல்லாம இந்த விண்ணப்பம் நகரவே நகராது." அதாவது, அவன் போட்ட அந்த உண்மையான விண்ணப்பம்கூடத் தள்ளுபடி ஆகத்தான் போகிறது. அவனுக்கு அது போட்ட அன்றே தெரியும்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷன். மனு ரசீது கொடுத்திருக்கிறார்கள். ஜிபேயில் போட்ட 15,000-க்கு, ஆன்லைன் பண மோசடிக்கான புகார் நம்பர் 1930-க்கு அடித்துப் புகார் பதிந்தோம். இத்தனை மாதம் கழித்து அந்தக் கணக்கில் பணம் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ரொக்கமாகக் கொடுத்த 28,500-க்கு சாட்சி அத்தை மட்டும்தான்.

விவரமாகச் சொல்கிறேன் என்று மேலே எழுதினேன். வெளியே மழை இருட்டிக்கொண்டு வருகிறது, பின்கட்டுக்குத் தார்ப்பாய் இழுத்துக் கட்ட வேண்டும். தோன்றுகிறதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

விண்ணப்ப நம்பரைக் காட்டினால் மயங்காதீர்கள். டெபாசிட், பர்சன்டேஜ் என்று காதில் விழுந்ததும் எழுந்து வாருங்கள். கடிதம் எதுவானாலும் நகராட்சியிலோ ஒன்றிய ஆபீஸிலோ காட்டாமல் ஒரு ஓட்டைக்கூட இறக்காதீர்கள். ஜிபேயில் கடைக்காரர் பெயர் வராமல் வேறு பெயர் வந்தால் போடாதீர்கள். ஏமாந்தது தெரிந்தால் அன்றைக்கே 1930, என்னைப் போல நாலு மாதம் நடக்காதீர்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. அத்தையின் ரேகையை வைத்துப் பென்ஷன் மட்டும்தான் எடுத்தானா, வேறு ஏதாவது செய்தானா என்று பேங்கில் கேட்கத் திங்கட்கிழமை போகிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பாஸ்புக்கையும் ஒருமுறை பதிந்து பார்த்துவிடுங்கள்.