பூஞ்சை சாகிறது என்றார் கோச், அம்மாவுக்குச் சர்க்கரை 46

தொடையிடுக்கில் வந்த படர்தாமரைக்கு 28,300 ரூபாய் அழுதவன் நான். பணம் போனதை மட்டும் சொல்வதென்றால் இதை எழுதியிருக்க மாட்டேன், வெட்கக்கேடு. அம்மா விஷயத்தில் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும். 'பூஞ்சை டீடாக்ஸ்', 'கேண்டிடா டயட்' (கேண்டிடா என்பது ஒரு வகை ஈஸ்ட் பூஞ்சை) என்று யாராவது உங்களிடம் பேச ஆரம்பித்திருந்தால் கடைசிவரை படித்துவிடுங்கள்.

முதல் தப்பு என்னுடையது. தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயில், வியர்வையில் நனைந்த ஜீன்ஸ், அதோடு ஆபீஸில் எட்டு மணி நேரம் ரெக்சின் நாற்காலி. சித்திரையில் அரிப்பு தொடங்கியது. டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, மெடிக்கலில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கினேன். மூன்றே நாளில் அரிப்பு போனது, நிறுத்தினேன். பத்து நாளில் இரண்டு மடங்காக வந்தது. திரும்ப அதே ட்யூப். நாலு மாதம் இப்படியே ஓடி, இடுப்பு வரைக்கும் ஏறிவிட்டது. அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்பதும், அது அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை உள்ளே கொழுக்க வைக்கும் என்பதும் பின்னால்தான் தெரிந்தது.

அந்த நிலையில் ஒரு ராத்திரி ரீல்ஸில் அந்த அம்மையார் வந்தார். "க்ரீம் போட்டா போகுது, நிறுத்தினா வருது இல்லையா? ஏன்னா பிரச்சினை தோல்ல இல்ல, குடல்ல." எனக்கென்றே பேசியது போல இருந்தது. குடல் நல கோச் என்று போட்டிருந்தார். பெயருக்குப் பின்னால் நாலைந்து எழுத்துகள் இருந்தன. அவை எதன் சுருக்கம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

கேள்வித்தாள் ஒன்று அனுப்பினார். அடிக்கடி சோர்வு உண்டா, இனிப்பு சாப்பிடத் தோன்றுமா, வயிறு உப்புமா, ஆன்டிபயாடிக் எடுத்திருக்கிறீர்களா, மறதி உண்டா. நாற்பது வயதில் இதற்கெல்லாம் 'இல்லை' என்று சொல்லக்கூடிய ஆள் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். மதிப்பெண் போட்டு, எனக்குக் கேண்டிடா 'கடுமையான நிலை' என்றார்.

அப்புறம் எச்சில் சோதனை. காலையில் பல் தேய்க்கும் முன் ஒரு டம்ளர் தண்ணீரில் துப்ப வேண்டும். கால் மணி நேரத்தில் எச்சிலிலிருந்து நூல் நூலாகக் கீழே இறங்கினால் கேண்டிடா. எனக்கு இறங்கியது. வீட்டில் எல்லோரும் துப்பிப் பாருங்கள் என்றார். மனைவிக்கு இறங்கியது, அம்மாவுக்கு இறங்கியது, ஏழாவது படிக்கும் பையன் வேடிக்கைக்குத் துப்பினான், அவனுக்கும் இறங்கியது. தூங்கி எழுந்த வாயில் எச்சில் கெட்டியாக, சளித்தன்மையோடு இருக்கும். தண்ணீரில் போட்டால் தொங்கத்தான் செய்யும். நாலு பேருக்கும் நோய் என்று சொல்லும் சோதனை எதைத்தான் சோதிக்கிறது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நானோ "ஒருத்தர் மட்டும் பண்ணா திரும்பத் தொத்திக்கும் சார்" என்ற பேச்சுக்கு மயங்கி, 12 வாரக் குடும்பப் பேக்கேஜுக்கு 24,500 ரூபாய் அனுப்பினேன். யூபிஐயில், தனிநபர் எண்ணுக்கு. மாத்திரை டப்பாக்களுக்குத் தனியாக 3,800. ஆரிகானோ எண்ணெய், கேப்ரிலிக் அமிலம், பூண்டுச் சாறு என்று லேபிளில் இருந்தது. இந்தியாவில் பாக்கெட்டில் விற்கும் எந்த உணவுப் பொருளிலும் இருக்க வேண்டிய, எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் மட்டும் இல்லை.

இனி சாப்பாட்டுப் பட்டியல். அரிசி கூடாது, கோதுமை கூடாது, பால், தயிர், மோர் கூடாது. வாழைப்பழம் தொடங்கி எல்லாப் பழமும் கூடாது. வெல்லம், கருப்பட்டி, தேன், காபி கூடாது. வேர்க்கடலையில் பூஞ்சை இருக்குமாம். ஊறுகாய் கூடாது. இட்லி, தோசை, ஆப்பம், பழையசோறு ஆகியவை ஈஸ்ட்டுக்குத் தீனியாம். (மாவைப் புளிக்க வைப்பதில் பெரும்பங்கு லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு. ஈஸ்ட்டும் கொஞ்சம் இருக்கும். எப்படியும் இட்லியை ஆவியில் வேகவைத்துத்தானே தின்கிறோம்!) காளான் ஏன் கூடாது என்று கேட்டேன். "காளானும் பூஞ்சைதானே சார்" என்றார். சிரித்திருக்க வேண்டும், நான் குறித்துக்கொண்டேன்.

மிச்சம் இருந்தவை கீரை, முட்டை, தேங்காய் எண்ணெய், துருவிய காலிஃபிளவர். மனைவி இரண்டாம் நாளே பையனைத் தனியாகப் பிரித்து அவனுக்குச் சோறு போட்டுவிட்டாள். வீட்டில் ஒரு ஆளுக்காவது மூளை இருந்தது.

முதல் வாரம் தலைவலி, எரிச்சல், படிக்கட்டு ஏறினால் கால் நடுக்கம். கோச்சிடம் சொன்னேன். "சூப்பர் சார்! டை-ஆஃப் ஆரம்பிச்சிடுச்சு. பூஞ்சை சாகும்போது விஷத்தை வெளியே விடும், அதான்." இந்த 'டை-ஆஃப்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மொத்த வியாபாரமும் இதன் மேல்தான் நிற்கிறது. உடம்பு நன்றாக இருந்தால் டயட் வேலை செய்கிறது. மோசமானால் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. இதில் கோச் எப்போது தோற்பார்? மருத்துவத்தில் இதற்கு ஒரு நிஜமான மூலம் உண்டு. சிபிலிஸ் போன்ற சில பாக்டீரியா நோய்களுக்கு மருந்து கொடுத்ததும் சில மணி நேரத்தில் காய்ச்சலும் நடுக்கமும் வந்து ஒரு நாளில் அடங்கும், யாரிஷ்-ஹெர்க்ஸ்ஹைமர் விளைவு என்று பெயர். அதைத் தூக்கிக்கொண்டு வந்து, சோறில்லாமல் வரும் தலைவலிக்கு ஒட்டிவிட்டார்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்தில் எனக்கு வயிற்று உப்புசம் குறைந்திருந்தது, ஐந்து கிலோ எடையும் இறங்கியது. சந்தோஷத்தில் கோச்சுக்கு வாட்சப்பில் புகழ்ந்து தள்ளினேன். நாளுக்கு நாலு சர்க்கரைக் காபி, பிஸ்கட், ராத்திரிப் பரோட்டா இவற்றை நிறுத்தினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. படர்தாமரை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது, இல்லை, முதுகுக்கும் போயிருந்தது.

நாலாவது வாரம் சனிக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். அம்மாவுக்கு 66 வயது, பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளைமிபிரைடும் சாப்பிடுகிறார். சேரும்போதே இதைக் கோச்சிடம் சொல்லியிருந்தேன். "மாத்திரை பாட்டுக்கு மாத்திரை, டயட் பாட்டுக்கு டயட்" என்றார். அன்றைக்கு அம்மா ஒரு முட்டையும் கொஞ்சம் கீரையும் சாப்பிட்டு மாத்திரை போட்டிருந்தார். "எனக்கு என்னமோ பண்ணுதுடா" என்று சோபாவில் சாய்ந்தார். புடவை நனைகிற அளவுக்கு வேர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்து, செத்துப்போன மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோச்சுக்கு மெசேஜ் போட்டேன்.

பதில் உடனே வந்தது. "அம்மாவுக்கு டை-ஆஃப் சார், நல்ல அறிகுறி. வெந்நீர் குடுங்க. சர்க்கரை மட்டும் குடுத்துடாதீங்க, இவ்வளவு நாள் பண்ணது வீணாயிடும்."

மனைவி அதற்குள் தண்ணீரில் சர்க்கரை கரைத்துக் கொண்டுவந்துவிட்டாள். "இருடி, மேடம் வேண்டாங்கறாங்க" என்று நான் சொன்னது உண்மை. இதை எழுதும்போதும் கூசுகிறது. "உங்க மேடத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு, அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து மடக்கு மடக்காகக் கொடுத்தாள். வீட்டுக் கருவியில் விரல் குத்திப் பார்த்தோம். 46. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, மறுநாள் வரை வைத்துக்கொண்டார்கள். கிளைமிபிரைடு வகை மாத்திரையில் சர்க்கரை ஒருமுறை ஏறினாலும் மறுபடி இறங்கக்கூடும், அதனால் கண்காணிக்க வேண்டுமாம். கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லி விரட்டுகிற மாத்திரை அது. டூட்டி டாக்டர் சத்தம் போடவில்லை, கேட்டது ஒன்றுதான்: "அம்மா சாப்பிடுற சோத்துக்குக் கணக்குப் பண்ணி எழுதின மாத்திரை இது. நீங்க சோத்தை நிறுத்திட்டீங்க. மாத்திரை சும்மா இருக்குமா?"

அங்கேயே தோல் டாக்டரையும் பார்த்தேன். நாலு மாதம் கூச்சப்பட்டது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. தோலைக் கொஞ்சம் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். டீடாக்ஸ் கதையைச் சொன்னேன். அவர் சொன்னதைக் கேட்டபோதுதான் என் முட்டாள்தனம் முழுதாக விளங்கியது. எனக்கு வந்தது கேண்டிடாவே இல்லை. படர்தாமரை வேறு சாதிப் பூஞ்சை. தோலிலும் நகத்திலும் முடியிலும் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று பிழைப்பது. குடலில் அதற்கு வேலையே கிடையாது. நான் காலையில் இட்லி தின்றேனா, காலிஃபிளவர் தின்றேனா என்பது அதற்குத் தெரியப்போவதில்லை. இந்தியாவில் இப்போது பரவியிருக்கும் டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்ற வகை வழக்கமான டெர்பினாஃபின் என்ற பூஞ்சை மருந்துக்கே பல பேரிடம் மசிவதில்லை. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைக் கண்டபடி தேய்த்தால் நோய் இன்னும் முற்றும். இட்ராகொனசோல் எழுதினார். களிம்பைத் தடிப்பின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வரை பூச வேண்டும், மறைந்த பிறகும் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. துண்டு, உள்ளாடை தனியாகத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். ஜீன்ஸுக்குத் தற்காலிக விடுமுறை. இரண்டரை மாதத்தில் போய்விட்டது.

சரி, கேண்டிடா என்பதே கட்டுக்கதையா? இல்லை. நம் வாயிலும் குடலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஈஸ்ட் அது. குழந்தைகளுக்கு நாக்கில் வெள்ளைப் படலம், பெண்களுக்கு அரிப்போடு வெள்ளைப்படுதல், இவை அதன் வேலையாக இருக்கலாம். அதற்கு க்ளோட்ரிமசோல், ஃப்ளூகொனசோல் என்று மருந்து இருக்கிறது. திரும்பத் திரும்ப வந்தால் எச்சில் துப்பிப் பார்க்காதீர்கள், இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். கட்டுப்படாத சர்க்கரை நோயில் அது அடிக்கடி வரும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சில சர்க்கரை மாத்திரைகளாலும் வரும். ஐசியூவில் இருப்பவர்களுக்கு இரத்தத்தில் கேண்டிடா கலந்தால் உயிருக்கே ஆபத்து. இவையெல்லாம் சோதித்துக் கண்டுபிடிக்கக்கூடிய நோய்கள். சோர்வு, மறதி, உப்புசம் எல்லாவற்றுக்கும் குடலில் ஒளிந்திருக்கும் ஈஸ்ட் காரணம் என்பது வேறு சமாசாரம். 1983-இல் வில்லியம் க்ரூக் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய புத்தகத்தால் பிரபலமானது அது. நான் நிரப்பிய கேள்வித்தாளின் பாட்டனும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. 1986-லேயே அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர் சங்கம் இதை நிரூபிக்கப்படாத ஊகம் என்றது. 1990-இல் இந்தப் பிரச்சினை இருப்பதாகக் கருதப்பட்ட 42 பெண்களுக்கு நிஸ்டாட்டின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தையும் வெறும் மாத்திரையையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு சோர்வு, மனச்சோர்வு போன்ற தொல்லைகளில் நிஜ மருந்து வெறும் மாத்திரையை மிஞ்சவில்லை. பூஞ்சைக்கொல்லியே செய்யாததைத் துருவிய காலிஃபிளவர் செய்யுமாம்.

மைதா, சர்க்கரை குறைப்பது நல்லதுதான், இன்றும் நான் காபியில் சர்க்கரை போடுவதில்லை. அதற்கு 28,300 ரூபாய் தேவையில்லை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், கர்ப்பிணி, ஏற்கெனவே மெலிந்திருப்பவர், வளரும் பிள்ளை, இவர்களில் யாரும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பட்டியலைத் தொடவே வேண்டாம். 'டை-ஆஃப்' என்று ஒருவர் சொன்னதும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நடுவுல சர்க்கரை குடுத்து நீங்களே விதிமுறையை மீறிட்டீங்க சார், ரீஃபண்ட் வராது" என்று பதில். அந்த ஒரு வரியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ரசீதே தராதவரிடம் ஏமாந்தவர்கள் யூபிஐ விவரத்தையும் வாட்சப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள், நம் கையில் இருக்கும் சாட்சி அது மட்டும்தான்.

இன்னொன்று. அவருடைய ரீல்ஸில் இப்போதும் ஒரு வாட்சப் செய்தி ஓடுகிறது, பெயரை மறைத்திருக்கிறார். "மேடம், மூணே வாரத்துல அஞ்சு கிலோ! வயிறு லேசா இருக்கு, உங்களுக்குக் கோடி நன்றி." அது நான் அனுப்பியது.