பழைய கயாக் வாங்கப் போகிறீர்களா? என் 46,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

46,000 ரூபாய். அதற்கு மேல் லாரி பார்சல் கூலி 3,800. ஞாயிற்றுக்கிழமை சாலிப்புழாவின் மூன்றாவது பாறைப்படியில் அத்தனையும் தண்ணீரில் போனது. இன்று புதன். பொறுமையாக எழுதும் நிலையில் நான் இல்லை, முன்பின்னாக இருந்தால் மன்னியுங்கள்.

ஆறு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. கோழிக்கோடு மாவட்டத்தில் கோடஞ்சேரி, புலிக்கயம் பக்கம் ஓடுகிறது சாலிப்புழா. மலபார் நதித் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்து துடுப்புப் போடுவதும் இங்கேதான். கோடையில் போனால் உருண்டைப் பாறைகள்தான் கிடக்கும். மேலே மலையில் மழை கொட்டினால் ஆறு, இல்லாவிட்டால் கல். இடுப்பு உயரம், ஆள் உயரம் என்று படிப்படியாகப் பாறை இறங்கும். ஒவ்வொரு படிக்குக் கீழேயும் விழுந்த தண்ணீர் திரும்பிச் சுழன்று, சிக்கியதைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டு மழைக்காலம் வாடகைக் கயாக்கில் (ஒருவர் உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னப் படகு) பழகினேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசை. படிகளில் குதிக்கும் ரகம் புதிதாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் லட்சத்தைத் தாண்டும். எனவே பழைய பொருள் வாங்கி விற்கும் செயலி ஒன்றில் தேடினேன். (பெயர் சொல்லப் போவதில்லை. சோபாவும் பைக்கும் விற்பார்களே, அந்த மாதிரி ஒன்று.) மே மாதம் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. புல்தரையில் நீலப் படகு, 'இரண்டே சீசன் ஓட்டியது, எங்கள் அட்வென்ச்சர் ஷாப்பில் வந்து பார்க்கலாம்.' ஆள் பெங்களூரு, பேசினால் நல்ல தமிழ்.

ஏமாந்தது எந்த இடத்தில் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். விலையில் இல்லை. முதல் போனிலேயே அவன் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. "உங்க வெயிட் எவ்வளவு ப்ரோ? எழுபத்தெட்டா? அப்ப இது கொஞ்சம் டைட்டா இருக்கும், யோசிச்சுக்கோங்க" என்றான். விற்கிறவன் வேண்டாம் என்கிறானே என்று அங்கேயே விழுந்துவிட்டேன். அப்புறம் வீடியோ காலில் படகின் மேல்பக்கம், கால் மிதி, சீட் எல்லாம் காட்டினான். முட்டியால் தட்டி, "சத்தம் கேளுங்க, கல்லு மாதிரி இருக்கு" என்றான். அடிப்பக்கம் காட்டச் சொன்னேன். சட்டென்று புரட்டிக் காட்டினான். நடுவில் பெரிதாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர். அழகாக இருக்கிறது என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

கோவையில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் பெங்களூரு. நேரில் பார்த்துவிடுகிறேன் என்றேன். "எதுக்கு ப்ரோ அலையணும், நம்ம ஊர்ப் பையன் உங்ககிட்டப் போய் ஏமாத்துவேனா?" 10,000 முன்பணம், பார்சல் ரசீது வந்ததும் 36,000. இரண்டும் ஜிபேயில், நேராக அவன் நம்பருக்கு.

படகு வந்ததும் அன்னூர் பக்கம் மாமா தோட்டத்துக் கிணற்றில் இறக்கி, படகோடு கவிழ்ந்து உட்கார்ந்தபடியே நிமிர்ந்து எழப் பழகினேன். இரண்டு மணி நேரம், ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கிணற்றில் வராதுதான். அடிவிழுந்தால்தானே வரும்!

ஞாயிறு அன்று நான்கு பேர் போனோம். முதல் படியில் படகின் மூக்கைத் தூக்கி, கிடையாக விழும்படி இறங்கினேன், அட்டகாசம். இரண்டாவது படியில் இறங்கும்போது சீட்டுக்குக் கீழே 'டக்' என்று ஒரு சத்தம். பாறை உரசியிருக்கும் என்று நினைத்தேன். பத்து இழுப்பு போவதற்குள் தொடை நனைந்தது. கரைக்குத் திருப்ப நேரமில்லை, படகு எருமை மாதிரி அசைய மறுத்தது. 300 லிட்டர் கொள்ளும் படகில் பாதி நிறைந்தாலே 150 கிலோ, அதை இடுப்பால் எப்படித் திருப்புவது? மூன்றாவது படியில் படகின் மூக்கு முதலில் போய்க் குத்திக் கவிழ்ந்தது. எழ முடியவில்லை. ஸ்கர்ட்டை (தண்ணீர் உள்ளே வராமல் இடுப்பைச் சுற்றிப் படகின் வாயை மூடும் துணி) உருவிக்கொண்டு வெளியே வந்தேன். சுழல் இரண்டு முறை உள்ளே இழுத்தது. நண்பன் வீசிய கயிறு முதல் வீச்சிலேயே கைக்குக் கிடைத்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படகை இழுத்துப் புரட்டினால் ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்குகிறது. அடியில் ஒரு சாண் நீள விரிசல், அதன்மேல் எம்-சீல் மாதிரி ஏதோ பூசி, நீலப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். கோவை வந்ததும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒட்டும் அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். நகத்தால் சுரண்டினார், மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. "இந்த பிளாஸ்டிக்ல எந்தப் பசையும் நிக்காதுங்க தம்பி. அதே பிளாஸ்டிக் கம்பிய வெச்சு சூடு காட்டித்தான் பத்த வெக்கோணும். ஆனா இது வெயில்ல காஞ்சு உளுத்துப் போச்சு, ஒரு பக்கம் ஒட்டுனா இன்னொரு பக்கம் விடும்" என்றார். ஒட்டுக்கூலியும் வாங்கவில்லை.

இனி அவன் பதில்களைக் கேளுங்கள். முதல் நாள்: "ட்ரிப்ல இருக்கேன் ப்ரோ, வந்து பேசறேன்." அடுத்து: "ஆத்துல ஓட்டுனா அடிபடத்தானே செய்யும்?" போட்டோ அனுப்பினேன். "நான் விக்கும்போது அந்த விரிசல் இல்லை." அப்போ பூச்சு எப்படி வந்தது, ஆற்று மீன் பூசியதா? கடை என்றாயே, ரசீது கொடு என்றேன். "கடை எல்லாம் இல்லை ப்ரோ, நான் தனி ஆளு, யூஸ்டு ஐட்டம், ரிட்டர்ன் கிடையாது." அதன்பின் அவன் புரொஃபைல் போட்டோ என் போனில் மறைந்துவிட்டது, பிளாக் செய்துவிட்டான்.

செயலிக்காரர்களிடம் மூன்று முறை முறையிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்: உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம், பணம் எங்கள் வழியாகச் செலுத்தப்படவில்லை. 46,000 ரூபாய்க்கு ஒரு வருத்தம்!

வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. அடிப்பக்கம் ஸ்டிக்கர் இருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள். சீட்டுக்குக் கீழே உள்பக்கமாகக் கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வெளியே தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி நிறம் கையில் வந்தால் வெயில் தின்ற படகு, விட்டுவிடுங்கள். நேரில் போகாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். புதுப் படகை முதலில் கரைக்கு ஒதுங்க இடமுள்ள ஆற்றில் ஓட்டுங்கள்.

இன்று காலை அதே செயலியில் அதே புல்தரை. இப்போது ஆரஞ்சுப் படகு, 42,000, இரண்டே சீசன் ஓட்டியதாம். அடிப்பக்கம் நடுவில் ஸ்டிக்கர், இந்தத் தடவை கருப்பு. கீழே 'முன்பணம் பெறப்பட்டது' என்று போட்டிருக்கிறான். கொடுத்தது நீங்களாக இருந்தால், மீதியை அனுப்பாதீர்கள்.