துபாய் டீச்சர் வேலைக்குச் சேலத்திலிருந்து: ஊரில் முடிவது எது, சென்னைக்குப் போவது எது

அக்கா மகளுக்குத் துபாயில் ஒரு இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் கணித ஆசிரியை வேலை கிடைத்திருக்கிறது. மே மாத லீவில் ஊருக்கு வந்த எனக்கு அவளுடைய காகித வேலைகள்தான் முழுநேர வேலை ஆகிவிட்டன. சார்ஜாவில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் "மாமா பார்த்துக்கும்" என்று வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். அமீரகப் பக்கத்து நடைமுறை எனக்குப் பழக்கம்தான். சேலத்துப் பக்கம் இப்போது எப்படி இருக்கிறது என்பதைத்தான் எழுத நினைத்தேன்.

பாராட்ட வேண்டியது தலைமைத் தபால் நிலையத்தில் இருக்கும் பாஸ்போர்ட் சேவை மையம். வெளிநாட்டுப் பள்ளிகள் கேட்கும் போலீஸ் சான்றிதழை, அதாவது பிசிசியை, 2022 செப்டம்பர் 28 முதல் தபால் நிலைய மையங்களிலும் வாங்க முடிகிறது. முன்பு இதற்குக் கோவை பஸ் ஏற வேண்டும். ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி, நாள் குறித்துக்கொண்டு, மூலச் சான்றுகளோடு போனால் வேலை முடிந்துவிடுகிறது. கவுண்டரில் இருந்த பெண் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்ப எங்கம்மா தங்கியிருக்கீங்க?" அந்தக் கேள்வியில் விஷயம் இருக்கிறது. இவள் வேலை பார்ப்பது ஏற்காட்டில், வீடு அம்மாப்பேட்டையில். அம்மாப்பேட்டை மாநகரப் போலீஸ் எல்லை, ஏற்காடு மாவட்டப் போலீஸ் எல்லை. எந்த முகவரியைக் கொடுக்கிறோமோ அந்த ஸ்டேஷனுக்குத்தான் விசாரணை போகும். பாஸ்போர்ட்டில் இருப்பதும் வீட்டு முகவரிதான் என்பதால் அதையே கொடுத்தோம். விசாரணைக்கு வந்த காவலர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, மோர் குடித்து, பக்கத்து வீட்டில் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார். கை நீட்டவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும்.

சான்றிதழ் அட்டெஸ்டேஷன், அதாவது சான்றிதழ் உண்மையானதுதான் என்று முத்திரை வாங்குவது, அப்படி இல்லை. அமீரகத்துக்கு டிகிரி சான்றிதழ் போகும் பாதை நீளமானது. பல்கலைக்கழகத்திலிருந்து உண்மைத்தன்மைச் சான்று, பிறகு சென்னையில் மாநில உயர்கல்வித் துறையின் முத்திரை, அதன்மேல் வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அமீரகத் தூதரகம், கடைசியில் அமீரக வெளியுறவு அமைச்சகம். இவளுடைய எம்எஸ்சி பெரியார் பல்கலைக்கழகம். கருப்பூர்தானே, டவுன் பஸ்ஸில் போய்விடலாம். பிஎட் பட்டமோ 2008-இல் தொடங்கிய தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் கொடுத்தது. சேலத்துக் கல்லூரியில் படித்திருந்தாலும் அதற்குச் சென்னைதான். ஆக, இரண்டு பட்டத்துக்கு இரண்டு ஊர்.

சவுதி, ஓமன், பஹ்ரைன் போகிறவர்களுக்கு இவ்வளவு இல்லை. அந்த நாடுகள் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில், அதாவது ஒரு நாட்டின் ஒற்றை முத்திரையை மற்ற நாடுகளும் ஏற்கும் ஏற்பாட்டில், இருக்கின்றன, இந்தியாவும் 2005 முதல் இருக்கிறது. மாநில முத்திரைக்குப் பிறகு ஒரு அப்போஸ்டில் போதும், தூதரகப் படி ஏற வேண்டாம். அமீரகம் இன்னும் சேரவில்லை. மஸ்கட் போன தோழி சொன்னதை வைத்து இவளும் அப்போஸ்டில் போதும் என்று நினைத்திருந்தாள்.

இந்த இடத்தில்தான் ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். ஐந்து ரோடு பக்கம் ஒரு அலுவலகம், கண்ணாடிக் கதவு, ஏசி, சுவரில் புர்ஜ் கலிஃபா. "எல்லாம் சேர்த்து ஃபுல் பேக்கேஜ் சார், 60,000. நீங்க அலையவே வேண்டாம்." பிரித்துச் சொல்லுங்கள் என்றால் சொல்லவில்லை. வெளியுறவு அமைச்சகம் சாதாரண அட்டெஸ்டேஷனுக்குக் கட்டணமே வாங்குவதில்லை. அப்போஸ்டிலுக்கு 50 ரூபாய். நாம் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது, அங்கீகரித்த முகமைகள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அவர்களுடைய சேவைக் கட்டணமும் பெரிய தொகை இல்லை. தூதரகக் கட்டணம் கொஞ்சம் கடிக்கும், உண்மைதான். ஆனாலும் 60,000 எப்படி வந்தது என்பதற்குச் சேலத்துக்கும் சென்னைக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் விளக்கம். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை சென்னையில் இறங்கலாம். அந்த ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு இந்த விலையா?

அதோடு விட்டாரா? "விசா லேட்டாகும் சார், பாப்பாவை விசிட்ல அனுப்பிடுங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்றார். விசிட் விசாவில் வேலை பார்ப்பது அமீரகத்தில் சட்ட விரோதம். அனுமதியில்லாமல் ஆள் வைத்துக்கொள்ளும் நிறுவனத்துக்கு 2024 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம். ஒழுங்கான பள்ளி எதுவும் இந்த வம்புக்கு வராது. வேலைக்கு ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்று அந்த நாட்டின் 2021 தொழிலாளர் சட்டமே சொல்கிறது. விசா செலவு பள்ளியுடையது. இந்தியப் பக்கத்திலும் உரிமம் பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். உரிமம் இருக்கிறதா என்று மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் தேடினால் தெரிந்துவிடும். கண்ணாடிக் கதவுக்காரரின் பெயர்ப்பலகையில் உரிம எண்ணே இல்லை. பட்டதாரி பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாது என்பதால் இதையெல்லாம் யாரும் நமக்காகச் சரிபார்க்க மாட்டார்கள், நாமேதான் பார்க்க வேண்டும். தமிழக அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று இருக்கிறது, அதுவும் சென்னையில்.

காகிதத்தைவிடப் பெயர்தான் அதிகம் படுத்தியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், எம்எஸ்சியில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் கட்டத்தில். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அங்கே கணினியில் தட்டுகிறவருக்கு மூன்று ஆள். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தால் இன்னும் சிக்கல். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுகளுக்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மூன்றும் ஒருவரே என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, கலெக்டர் ஆபீஸ் பக்கத்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினோம்.

பிஎட் சான்றிதழை அக்கா ஆசையாக லேமினேட் போட்டு வைத்திருந்தது. முத்திரை சான்றிதழின் பின்பக்கம் குத்துவார்கள், பிளாஸ்டிக் இருந்தால் வாங்கவே மாட்டார்கள். அஸ்தம்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடைப் பையன் ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஓரத்திலிருந்து பிளேடால் மெல்ல மெல்ல உரித்தான். அக்கா பார்க்க முடியாமல் வெளியே போய்த் தட்டுவடை செட் வாங்கிக்கொண்டு நின்றது. ஒரு மூலை லேசாகக் கிழிந்ததோடு தப்பியது. சான்றிதழ்களைத் தயவுசெய்து உறையில் மட்டும் போட்டு வையுங்கள்.

அனுபவச் சான்றுக்கு ஏற்காடு போனோம். கோடை விழா நேரம், இருபது கொண்டை ஊசி வளைவிலும் கார்கள் ஊர்ந்தன. விடுமுறை என்றாலும் பள்ளி அலுவலகம் திறந்திருந்தது. சேர்ந்த தேதி, நடத்திய வகுப்புகள், பாடம், பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே பெயர், எல்லாவற்றையும் நாங்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். இறங்கும்போது குப்பனூர் வழியாக வந்துவிட்டோம்.

சான்றிதழ்கள் இப்போது தூதரகக் கட்டத்தில். அவை திரும்பி வந்ததும் கடைசி முத்திரைக்கு, லீவு முடிந்து அமீரகம் திரும்பிவிட்ட நான் இங்கே பணம் கட்டிவிடுவேன். துபாய் தனியார் பள்ளி என்பதால் அங்கே தனியார் பள்ளிகளை மேற்பார்வை செய்யும் அரசு அமைப்பான கேஎச்டிஏவின் ஒப்புதலைப் பள்ளி வாங்க வேண்டும். நுழைவு அனுமதி வந்தால் 60 நாளுக்குள் வந்து இறங்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் இங்கே வந்த பிறகுதான். கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்ட் கடைசியில் பள்ளி திறக்கிறது. அதற்குள் வந்துவிடுவாள் என்றுதான் கணக்கு.